பைக்கில் வெளிநாடு: செலவில்லாமல் மேப்பும் வழிகாட்டியும்

பைக்கில் எல்லை தாண்டி ஊர் சுற்றி வரும் பழக்கம் இப்போது நம்மவர்களிடமும் பெருகி வருகிறது. கிளம்பும் முன் பலரும் கேட்கும் கேள்வி, "வழிகாட்டும் ஜிபிஎஸ் கருவி தனியாக வாங்க வேண்டுமா?" என்பதுதான். பைக்கிற்கென்று விற்கப்படும் நல்ல கருவிகளின் விலை பல ஆயிரம் ரூபாய். ஆனால் வீட்டில் ஒரு கம்ப்யூட்டரும் கையில் ஒரு ஸ்மார்ட்போனும் இருந்தால், பணம் செலவழிக்காமலே அந்த வேலையை முடித்துக் கொள்ளலாம். எப்படி என்று பார்ப்போம்.

ஓர் உதாரணப் பாதையை எடுத்துக் கொள்வோம். உத்தரப் பிரதேசத்தின் சுனௌலி எல்லையில் நேபாளத்திற்குள் நுழைந்து புட்வல், தான்சேன், போக்ரா, பெனி, தாதோபானி, ஜோம்சோம், காக்பெனி வழியாக முக்திநாத் செல்லும் பாதை அது. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான சாளக்கிராமம் இதுவே என்பதால் தமிழகத்தில் இருந்தும் பலர் இங்கு செல்கிறார்கள்.

ஜிபிஎஸ் வேறு, மேப் வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக் கொள்வோம். "சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் வேலை செய்யாது" என்று பலர் நினைக்கிறார்கள். இது சரியல்ல. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றி வருகின்றன. அவை அனுப்பும் சிக்னலை உங்கள் போன் நேரடியாகப் பெற்று, தான் இருக்கும் இடத்தைக் கணக்கிடுகிறது. இதற்கு சிம் கார்டும் வேண்டாம், இன்டர்நெட்டும் வேண்டாம், கட்டணமும் இல்லை. இன்டர்நெட் இல்லாதபோது முதல் முறை இடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடங்கள் கூடுதலாக ஆகலாம், அவ்வளவுதான்.

இன்டர்நெட் தேவைப்படுவது மேப்பிற்குத்தான். மலைப் பள்ளத்தாக்கில் டவர் இல்லாமல் போனால், திரையில் வெற்றுப் பின்னணியின் மேல் ஒரு நீலப் புள்ளி மட்டும் நிற்கும். எனவே மேப்பை முன்கூட்டியே போனில் டவுன்லோட் செய்து வைத்துக் கொள்ள வேண்டும்.

எந்த மேப்?

பலரும் அறிந்த கூகுள் மேப்ஸில், வேண்டிய பகுதியை டவுன்லோட் செய்யும் வசதி உண்டு. ஆனால் இன்டர்நெட் இல்லாதபோது காருக்கான வழியை மட்டுமே அது காட்டும். போக்குவரத்து நெரிசல், மாற்றுப் பாதை போன்ற தகவல்கள் கிடைக்காது. டவுன்லோட் செய்த மேப்பை அவ்வப்போது அப்டேட் செய்யாவிட்டால் அது காலாவதியாகிவிடும்.

இன்னொரு வழி ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004ல் பிரிட்டனில் ஸ்டீவ் கோஸ்ட் என்பவர் தொடங்கிய இத்திட்டம், விக்கிபீடியாவைப் போல உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் வரையப்படுகிறது. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம். நேபாளத்தைப் பொறுத்தவரை இதில் ஒரு சிறப்பு உண்டு. 2015 ஏப்ரல் 25 அன்று ஏற்பட்ட பெரும் நிலநடுக்கத்திற்குப் பிறகு, மீட்புப் பணிக்கு உதவுவதற்காக ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்து நேபாளத்தின் சாலைகளையும் கிராமங்களையும் வரைந்தார்கள். அந்த உழைப்பின் பலன் இன்று நம் போனில் கிடைக்கிறது.

இந்த மேப்பைப் பயன்படுத்தும் இரண்டு ஆப்களைக் குறிப்பிடலாம். ஆர்கானிக் மேப்ஸ் முற்றிலும் இலவசம், விளம்பரம் கிடையாது, பயன்படுத்த எளிது. ஓஸ்ம்ஆண்ட் ஆப்பில் வசதிகள் அதிகம். மோட்டார்சைக்கிளுக்கென்று தனிப் பிரிவும் உள்ளது. இதன் இலவசப் பதிப்பில் டவுன்லோட் எண்ணிக்கைக்கு வரம்பு உண்டு என்றாலும் ஒரு பயணத்திற்கு அது போதும். பெரிய நாடுகளின் மேப் மாநில வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும் என்பதால், நேபாளத்துடன் உத்தரப் பிரதேச மேப்பையும் சேர்த்து டவுன்லோட் செய்யுங்கள். இல்லாவிட்டால் எல்லை வரை செல்வதற்கு வழி கிடைக்காது.

கம்ப்யூட்டரில் பாதை வரைதல்

போனின் சிறிய திரையில் நீண்ட பாதையைத் திட்டமிடுவது சிரமம். இங்குதான் கம்ப்யூட்டர் கை கொடுக்கிறது.

1. பிரவுசரில் ஜிபிஎக்ஸ் ஸ்டூடியோ என்ற இலவச இணையதளத்தைத் திறங்கள்.

2. பாதை வரையும் கருவியைத் தேர்ந்தெடுத்து, சுனௌலியில் தொடங்கி மேலே சொன்ன ஊர்களின் மீது வரிசையாகக் கிளிக் செய்யுங்கள். சாலையை ஒட்டியே கோடு வரும். தவறான சாலையில் போனால், கோட்டைப் பிடித்து இழுத்துச் சரி செய்யலாம்.

3. கீழே உயர வரைபடம் தெரியும். அதைக் கவனமாகப் பாருங்கள். போக்ரா சுமார் 800 மீட்டர் உயரத்திலும், முக்திநாத் சுமார் 3,700 மீட்டர் உயரத்திலும் உள்ளன. ஒரே நாளில் இவ்வளவு உயரம் ஏறினால் தலைவலி, வாந்தி, மூச்சுத் திணறல் வரலாம். ஜோம்சோமில் ஓர் இரவு தங்குவது நல்லது என்பதை இந்தப் படமே சொல்லிவிடும்.

4. பாதையை ஜிபிஎக்ஸ் ஃபைலாக டவுன்லோட் செய்யுங்கள். யுஎஸ்பி கேபிள் மூலமோ, உங்களுக்கு நீங்களே இமெயில் அனுப்பியோ போனுக்கு மாற்றிக் கொள்ளுங்கள்.

5. அந்த ஃபைலை ஓஸ்ம்ஆண்டில் திறந்து, தடத்தைப் பின்பற்றும் வசதியைத் தேர்ந்தெடுத்தால், நீங்கள் வரைந்த பாதையிலேயே குரல் மூலம் வழி சொல்லும். ஆர்கானிக் மேப்ஸில் திறந்தால் பாதை ஒரு கோடாகத் தெரியும். அதைப் பார்த்து ஓட்டலாம்.

ஓஸ்ம்ஆண்டில் மண் சாலைகளைத் தவிர்க்கச் சொல்லும் ஓர் அமைப்பு உண்டு. சமவெளியில் அது பயன்படும். மலையில் இருப்பதே ஒரு சாலை என்னும்போது, அது மண் சாலையாகப் பதிவாகியிருந்தால் ஆப் எங்கோ சுற்றி அனுப்பும், அல்லது வழியே இல்லை என்று சொல்லிவிடும். அங்கே இந்த அமைப்பை நீக்கி விடுங்கள்.

வீட்டிலேயே ஒத்திகை

கிளம்பும் முன் போனை ஏரோப்ளேன் மோடில் போட்டு, லொகேஷனை மட்டும் ஆன் செய்து, உள்ளூரில் பத்து கி.மீ. ஓட்டிப் பாருங்கள். பிறகு ஆப்பில் நேபாளப் பகுதிக்குச் சென்று, போக்ராவின் தெருக்கள் வரை பெரிதாக்கிப் பாருங்கள். எல்லாம் தெரிந்தால் மேப் முழுமையாக இறங்கியுள்ளது என்று பொருள். இச்சோதனையைச் செய்யாமல் கிளம்பாதீர்கள்.

மேப் சொல்லாத விஷயங்கள்

மேப் சாலையைக் காட்டும். அதில் போக அனுமதி உண்டா என்று சொல்லாது. காக்பெனியில் இருந்து வடக்கே லோ மந்தாங் நோக்கிச் சாலை போவது திரையில் தெளிவாகத் தெரியும். ஆனால் அது தடை செய்யப்பட்ட பகுதி. வெளிநாட்டினர் சிறப்பு அனுமதி இல்லாமல் போகக் கூடாது. எல்லையில் உங்கள் பைக்கிற்கு எடுக்கும் தற்காலிக அனுமதியும் நாள் கணக்கில்தான் தரப்படுகிறது. எனவே நாட்களைச் சற்றுக் கூட்டியே கேட்டு வாங்குங்கள்.

ஆப் சொல்லும் பயண நேரத்தை மலையில் அப்படியே நம்ப வேண்டாம். மழைக்காலத்தில் மண்சரிவால் சாலை மணிக்கணக்கில் அடைபடும். காளி கண்டகி பள்ளத்தாக்கில் பிற்பகலில் பலத்த காற்று வீசும். இவை எதுவும் டவுன்லோட் செய்த மேப்பில் தெரியாது. காலையிலேயே கிளம்பி, வழியில் டீக்கடைக்காரரிடமும் எதிரே வரும் டிரைவரிடமும் விசாரித்துக் கொண்டே செல்லுங்கள். நேபாள நேரம் நம்முடையதைவிட 15 நிமிடம் முன்னால் இருப்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

பழைய கார்மின் இருந்தால்

நண்பரிடம் பழைய கார்மின் கருவி இருந்தால் வீசிவிட வேண்டாம். பிபிபைக், ஓபன்மேப்செஸ்ட் போன்ற தளங்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை கார்மினுக்கு ஏற்ற வடிவில் இலவசமாகத் தருகின்றன. கிடைக்கும் ஐஎம்ஜி ஃபைலை மெமரி கார்டில் கார்மின் என்ற போல்டரில் காப்பி செய்து, கார்டைக் கருவியில் செருகினால் பெரும்பாலான மாடல்களில் வேலை செய்யும்.

போனைப் பாதுகாக்க

போனை ஹேண்டில்பாரில் மாட்டும்போது அதிர்வைத் தாங்கும் ஸ்டாண்டாகப் பார்த்து வாங்குங்கள். பைக் எஞ்சினின் அதிர்வு ஐபோனின் கேமராவைப் பாதிக்கலாம் என்று ஆப்பிள் நிறுவனமே 2021ல் எச்சரித்துள்ளது. பழைய போன் ஒன்று வீட்டில் இருந்தால் அதையே மேப்பிற்குப் பயன்படுத்திவிட்டு, நல்ல போனைச் சட்டைப் பையில் வைத்துக் கொள்ளலாம். பைக் பேட்டரியில் இணைக்கும் யுஎஸ்பி சார்ஜர் அவசியம். பவர் பேங்க் ஒன்றும் கூடவே இருக்கட்டும். திரையை அணைத்துவிட்டு, ஹெல்மெட்டுக்குள் குரலை மட்டும் கேட்டு ஓட்டினால் பேட்டரியும் மிச்சம், கண்ணும் சாலையில் இருக்கும்.

கடைசியாக, ஊர்ப் பெயர்களையும் இடையிலுள்ள தூரத்தையும் ஒரு தாளில் பிரிண்ட் எடுத்து டேங்க் பையில் வையுங்கள். இரண்டு போனும் நனைந்து நின்றுபோனாலும், அந்தத் தாளை நீட்டி வழி கேட்டால் சொல்வதற்கு ஆள் கிடைப்பார்கள்.