வாப்பாவின் பேமிட் காணி யாருக்கு? உயிரோடு இருக்கும்போதே பதியுங்கள்

"டீச்சர், இந்தக் கடதாசியைக் கொஞ்சம் வாசிச்சுப் பாருங்க" என்று உயிலங்குளத்தில் ஒரு தாய் என்னிடம் பழைய உறையொன்றை நீட்டினார். உள்ளே அவரது வாப்பாவின் காணி பேமிட்டும், "வீடும் வளவும் மகளுக்கு" என்று நான்கு பெரியவர்கள் முன்னிலையில் வாப்பா கையொப்பமிட்ட கடிதமும் இருந்தன. பேமிட்டில் பின்னுரித்தாளர் என்ற இடம் வெறுமையாகக் கிடந்தது. உம்மா முன்பே வபாத்தாகிவிட்டார். வாப்பாவும் போன பின்னர், மூத்த காக்கா காணி தனக்கே என்கிறார்.

நம்மில் பலரின் வீடு நிற்பது அரச காணியில். 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பேமிட்டாகவோ, ஸ்வர்ணபூமி, ஜயபூமி போன்ற அளிப்பாகவோ அது கிடைத்திருக்கும். வீடு நாம் கட்டியதுதான். ஆனால் காணி நிபந்தனைகளோடு வந்தது. அவற்றுள் மூன்றை அறியாததால்தான் அதிகம் பிரச்சினை வருகிறது.

முதலாவது, விற்பனையும் கொடையும். பிரதேச செயலாளரின் எழுத்துமூல ஒப்புதல் இன்றிச் செய்யும் கைமாற்றம் செல்லாது. அப்படியான உறுதியை நொத்தாரிசு அத்தாட்சிப்படுத்தவும் கூடாது. சத்தியக்கடதாசி முடித்துக் காசைக் கொடுத்தவர் காணிக்குச் சொந்தக்காரர் ஆவதில்லை. மகளுக்குச் சீதனமாக வெறும் கடிதத்தில் எழுதிக் கொடுப்பதும் இப்படித்தான்.

இரண்டாவது, பின்னுரித்து. மரணசாசனம் தவிர்ந்த எந்த நியமனமும் காணிக்காரர் இறப்பதற்கு முன்னர் பதியப்பட்டிருக்க வேண்டும். கணவன் இறந்தால், பெயர் குறிப்பிடாவிட்டாலும் மனைவிக்கு உரிமை உண்டு. ஆனால் அவர் அதை விருப்பம்போல் விற்க முடியாது. மனைவியும் இல்லை, நியமனமும் இல்லை என்றால் சட்டத்தின் அட்டவணைப்படி உரித்து போகும். அந்த அட்டவணையில் நீண்ட காலம் மகள்மாருக்கு முன் மகன்மாரே இருந்தார்கள். 2022ஆம் ஆண்டுத் திருத்தம்தான் அந்த ஆண், பெண் வேறுபாட்டை நீக்கியது.

மூன்றாவது, பலருக்கும் அதிர்ச்சி தருவது. நமது வாரிசுரிமைக்கு 1931ஆம் ஆண்டின் தனிச் சட்டம் இருக்கிறது. ஆனால் உயில் இல்லாத சொத்துப் பங்கீடு பற்றிய எந்த வேறு சட்டமும் இந்தக் காணிகளுக்குப் பொருந்தாது என்று கட்டளைச் சட்டமே சொல்கிறது. பறாயிழ் கணக்குப்படி பங்கு வைத்தாலும் காணிக் கந்தோர் அதை ஏற்காது. அரசு பார்ப்பது காணி துண்டு துண்டாகாமல் இருப்பதை. நாம் பார்ப்பது ஒவ்வொருவருக்கும் உரிய பங்கை. இரண்டுக்கும் நடுவில் நசிபடுவது பெரும்பாலும் பெண் பிள்ளைகள்தான்.

1990 ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது பல வீட்டுக் கடதாசிகளும் தொலைந்தன. புத்தளத்தில் பிறந்து வளர்ந்து திரும்பிய பிள்ளைகளுக்கு, காணி யார் பெயரில் என்பதே தெரியாது. எனவே முதலில் பிரதேச செயலகக் காணிக் கிளைக்குப் போய், பேரேட்டில் யார் பெயர் இருக்கிறது, பின்னுரித்தாளர் பதியப்பட்டிருக்கிறாரா என்று பாருங்கள். பேமிட்டை அளிப்பாக மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். அளிப்பில் குறித்த ஆகக்குறைந்த அளவுக்குக் கீழே போகாவிட்டால் ஒருவருக்கு மேல் நியமிக்கவும் வழியுண்டு.

பிறகு பிள்ளைகள் அனைவரையும் இருத்திப் பேசுங்கள். ஒருவர் பெயரில்தான் பதிய வேண்டியிருந்தால், மற்றவர்களின் பங்கு அவர் கையில் அமானத் என்பதை எல்லோர் முன்னிலையிலும் தெளிவாக்குங்கள். காசாகவோ வேறு சொத்தாகவோ எப்போது, எவ்வளவு கொடுப்பது என்பதையும் அப்போதே எழுதுங்கள்.

அந்தத் தாயின் பிரச்சினை இன்னும் முடியவில்லை. காக்காவும் தங்கையும் பெருநாளுக்கும் பேசிக்கொள்வதில்லை. அந்த வாப்பா மகளுக்கு அநியாயம் செய்ய நினைத்தவர் அல்ல. கடிதம் போதும் என்று நம்பினார், அவ்வளவுதான். உங்கள் வீட்டு அலுமாரியில் இருக்கும் பேமிட்டை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள்.