வண்டி 'மிஸ்ஸிங்' அடிக்குதா? காயிலை மாற்றச் சொல்லும் முன் வயரைப் பாருங்கள்!

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் உதறுகிறது. ஃப்ளைஓவர் ஏறும்போது எவ்வளவு மிதித்தாலும் வண்டி இழுக்க மாட்டேங்குது. சைலன்சரில் 'பட்... பட்...' என்று விட்டுவிட்டுச் சத்தம். பத்து, பதினைந்து வருஷம் ஓடிய பெட்ரோல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு இது பழக்கமான தொல்லை. மெக்கானிக்குகள் இதற்கு வைத்திருக்கும் பெயர் 'மிஸ்ஸிங்'. நீங்கள் புனேவில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும் அதே வார்த்தையைச் சொல்லலாம், புரிந்துகொள்வார்கள்.

சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்கும். "பிளக் மாத்தணும் சார்", "காயில் போயிருக்கு", "இசிஎம்-மா கூட இருக்கலாம்" என்று பட்டியல் நீளும். ஒவ்வொன்றாக மாற்றி, பில் ஏறிய பிறகும் வண்டி அதே மாதிரி உதறும். பல நேரங்களில் காரணம் ஒரு விரிசல் விட்ட பிளக் வயராகவோ, துருப்பிடித்த எர்த் இணைப்பாகவோ இருக்கும். எதை, எந்த வரிசையில் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் பணமும் நேரமும் மிச்சம்.

மிஸ்ஸிங் என்றால் என்ன?

பெட்ரோல் இன்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரிலும் காற்றும் பெட்ரோலும் கலந்து அழுத்தப்படும். சரியான நொடியில் ஸ்பார்க் பிளக் பொறி விட வேண்டும். பொறி வராவிட்டாலோ, பலவீனமாக வந்தாலோ, தவறான நேரத்தில் வந்தாலோ அந்தச் சிலிண்டர் வேலை செய்யாது. அதுதான் மிஸ்ஸிங்.

நாலு சிலிண்டர் இன்ஜின் 3,000 ஆர்பிஎம்-மில் ஓடினால் ஒவ்வொரு பிளக்கும் நொடிக்கு 25 முறை பொறி விடுகிறது. நாலும் சேர்த்து நொடிக்கு 100. மாருதி ஆம்னி, 800 போன்ற மூன்று சிலிண்டர் வண்டிகளில் ஒன்று படுத்துவிட்டால் மூன்றில் ஒரு பங்கு சக்தியே போச்சு. லோடு ஏற்றிய வண்டி மேட்டில் திணறுவது அதனால்தான்.

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட். பொறிக்குத் தேவை பல ஆயிரம் வோல்ட். இந்த வித்தையைச் செய்வது இக்னிஷன் காயில். அதற்குள் இரண்டு கம்பிச் சுற்றுகள் உண்டு. முதல் சுற்றில் மின்சாரம் ஓடும்போது காந்தப்புலம் உருவாகும். அந்த மின்சாரத்தைச் சட்டென்று துண்டித்தால் காந்தப்புலம் சரிந்து, இரண்டாவது சுற்றில் உயர் மின்னழுத்தம் பிறக்கும். அது வயர் வழியாக பிளக்குக்குப் போகிறது. இந்தப் பாதையில் எங்கே ஓட்டை விழுந்தாலும் பொறி பலவீனமாகும்.

முதலில், உங்கள் வண்டி எந்த வகை?

பொலேரோ கேம்பர், டாடா 207 போன்ற டீசல் பிக்கப் என்றால் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. அங்கே உதறல் வந்தால் இன்ஜெக்டர், டீசல் ஃபில்டர், காற்று புகுந்த டீசல் லைன் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். யாராவது டீசல் வண்டிக்கு "இக்னிஷன் காயில் போச்சு" என்றால் அடுத்த ஒர்க்‌ஷாப்பைத் தேடுங்கள்.

பெட்ரோல், சிஎன்ஜி வண்டிகளில் மூன்று வகை:

1. டிஸ்ட்ரிப்யூட்டர் வகை: கார்புரேட்டர் காலத்து ஆம்னி, 800, ஜிப்சி. ஒரே காயில். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் சுழலும் ரோட்டார், கேப் வழியாக ஒவ்வொரு பிளக்குக்கும் பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும்.

2. காயில் பேக் வகை: டிஸ்ட்ரிப்யூட்டர் இல்லை. நாலு சிலிண்டர் வண்டியில் பெரும்பாலும் 1, 4 ஆகிய சிலிண்டர்களுக்கு ஒரு காயில். 2, 3 ஆகியவற்றுக்கு இன்னொன்று. ஜோடியாக இரண்டு சிலிண்டர் மிஸ் ஆனால் சந்தேகம் காயில் மீது.

3. பிளக்குக்கு ஒரு காயில்: பிளக் வயரே கிடையாது. ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கும்.

எப்போது மிஸ் ஆகுது? பாதி விடை அதில்தான்

ஒர்க்‌ஷாப்புக்குப் போகும் முன் இரண்டு நாள் கவனியுங்கள். மொபைலில் குறித்துக்கொள்ளுங்கள்.

• மழைக்காலக் காலையில் மட்டும்: ஈரம். விரிசல் விட்ட பிளக் வயர் அல்லது டிஸ்ட்ரிப்யூட்டர் கேப். மும்பை, கொங்கண் பக்கம் ஜூனில் மழை பிடித்ததும் ஒர்க்‌ஷாப்களில் இந்தப் புகார் அதிகமாவதில் ஆச்சரியமில்லை.

• அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு: காயில் அல்லது இக்னிஷன் மாட்யூல். ஆறியதும் சரியாகிவிடும், அதனால் ஒர்க்‌ஷாப்பில் காட்டும்போது 'நல்லாத்தானே இருக்கு' என்பார்கள்.

• மேட்டில், லோடில் மட்டும்: பொறி பலவீனம். சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும்போது பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் தேவை.

• ஐடிலில் மட்டும், வேகமெடுத்தால் சரி: பெரும்பாலும் வேக்கூம் ஹோஸ் லீக். வயரைக் குறை சொல்லாதீர்கள்.

• பெட்ரோலில் சரி, சிஎன்ஜி-யில் மிஸ்: சிஎன்ஜி-யைப் பற்றவைக்கப் பெட்ரோலைவிட அதிக வோல்ட் வேண்டும். தேய்ந்த பிளக்கும் கிழட்டு வயரும் முதலில் அங்கேதான் மாட்டும்.

• சர்வீஸ் முடிந்து வந்த அன்றே: பிளக் வயர் இடம் மாறியிருக்கலாம். நாலு சிலிண்டர் வண்டிகளில் பொறி வரிசை பெரும்பாலும் 1-3-4-2. வயரைக் கழற்றும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால் இந்தத் தலைவலியே வராது.

சத்தத்தின் தாளமும் ஒரு தடயம். சீரான இடைவெளியில் விட்டுப்போனால் ஒரு குறிப்பிட்ட சிலிண்டர். ஒழுங்கில்லாமல் விட்டுப்போனால் எல்லாவற்றுக்கும் பொதுவான காயில், ரோட்டார், எர்த் அல்லது பெட்ரோல் சப்ளை.

வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனைகள்

இருட்டுச் சோதனை: இரவில், வெளிச்சம் இல்லாத திறந்த இடத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்து பானட்டைத் திறந்து தள்ளி நின்று பாருங்கள். பிளக் வயர் மீதோ கேப் மீதோ நீலநிறப் பொறி ஊர்ந்தால் திருடன் கிடைத்துவிட்டான். கையை மட்டும் உள்ளே விடாதீங்க. அங்கே ஓடுவது பல ஆயிரம் வோல்ட். பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் பக்கத்திலேயே போகக் கூடாது. பெட்ரோல் வாடை அடித்தால் இந்தச் சோதனையே வேண்டாம்.

பிளக்கைப் படியுங்கள்: இன்ஜின் ஆறிய பிறகு பிளக்குகளைக் கழற்றி வரிசையாக வையுங்கள். முனை லேசான பழுப்பு நிறம் என்றால் ஆரோக்கியம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம் அல்லது பொறி பலவீனம். எண்ணெய்ப் பிசுபிசுப்பு என்றால் ரிங் அல்லது வால்வு சீல் தேய்மானம். பிளக்கை மாற்றினாலும் திரும்ப வரும். வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அதிகச் சூடு அல்லது பெட்ரோல் குறைவு. முனை இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்து அளந்து, வண்டியின் மேனுவலில் உள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

இடமாற்றுச் சோதனை: காசு செலவில்லாத, ஆனால் நம்பகமான வழி. ஒன்றாம் சிலிண்டர் மிஸ் ஆகிறதா? அதன் பிளக்கை இரண்டாம் சிலிண்டரில் மாட்டுங்கள். மிஸ்ஸிங் இரண்டுக்கு நகர்ந்தால் பிளக்தான் குற்றவாளி. நகரவில்லையா? தனித்தனிக் காயில் உள்ள வண்டியில் அடுத்து காயிலை இடம் மாற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஒரு பொருளை மட்டும் மாற்ற வேண்டும்.

ஸ்கேனர்: சுமார் 2013க்குப் பிறகு தயாரான பெரும்பாலான கார்களில் ஓபிடி-2 சாக்கெட் இருக்கும். புளூடூத் ஸ்கேனர் போதும். பி0301 என்றால் ஒன்றாம் சிலிண்டர் மிஸ். பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் எந்தச் சிலிண்டர் என்று தீர்மானிக்க முடியாத, மாறி மாறி வரும் மிஸ். பி0351 முதல் தொடங்கும் கோடுகள் காயில் சர்க்யூட்டைக் குறிக்கும். ஒன்றை மறக்காதீர்கள்: கோடு எங்கே சிக்கல் என்று காட்டும், எந்தப் பாகத்தை வாங்க வேண்டும் என்று சொல்லாது. காயில் கோடு வந்தாலும் காரணம் அதற்குப் போகும் வயராக இருக்கலாம்.

வயரிங்: யாரும் பார்க்காத இடம்

பழைய வண்டியில் மூன்று வகை வயர்க் கோளாறு சகஜம்.

முதலாவது, பிளக் வயர். மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்து, கழற்றிய வயரின் இரு முனைகளிலும் வையுங்கள். சாதாரணமாகச் சில ஆயிரம் ஓம் காட்டும். நீளமான வயரில் கூடுதலாக இருக்கும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிக அதிகமாகக் காட்டினாலோ, எதுவுமே காட்டாவிட்டாலோ உள்ளே அறுந்திருக்கிறது. செட்டாக மாற்றிவிடுங்கள்.

இரண்டாவது, எர்த். பேட்டரி நெகட்டிவில் இருந்து இன்ஜினுக்கும் பாடிக்கும் போகும் பட்டை துருப்பிடித்தால் எல்லாமே குழம்பும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், இன்னொன்றை இன்ஜின் பிளாக்கின் சுத்தமான உலோகத்திலும் வையுங்கள். ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. கழற்றி, எமரி பேப்பரால் தேய்த்து, இறுக்கி மாட்டினாலே பல வண்டிகள் தெளிந்துவிடும்.

மூன்றாவது, நம் கைங்கரியம். ஹார்ன், ஃபாக் லேம்ப், ரிவர்ஸ் அலாரம், மியூசிக் சிஸ்டம், சிஎன்ஜி கிட் என்று யாரோ இக்னிஷன் வயரைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருப்பார்கள். அந்த இடத்தில் காப்பர் பச்சை பூத்துவிடும். எலி கடித்த இடம் தனிக் கதை.

'இத்துனூண்டு துரு என்ன செய்யும்?' என்று தோன்றலாம். ஒரு கணக்கு பாருங்கள். காயிலின் முதல் சுற்று 1.5 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 12 வோல்ட்டில் முழுமையாக ஓடினால் 8 ஆம்பியர். துருவால் கூடுதலாக அரை ஓம் சேர்ந்தால் மொத்தம் 2 ஓம். மின்சாரம் 6 ஆம்பியராகக் குறைகிறது. காயிலில் சேரும் ஆற்றல், மின்சாரத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 36-ஐ 64-ஆல் வகுத்தால் சுமார் 56 சதவீதம். அதாவது அரை ஓம் துரு, பொறியின் பலத்தில் கிட்டத்தட்ட 44 சதவீதத்தைத் தின்றுவிடுகிறது. இந்த நிலையில் புதுக் காயில் போட்டாலும் பலன் கிடைக்காது.

பொறி நன்றாக இருக்கு, ஆனாலும் மிஸ்?

அப்போது பெட்ரோல், காற்று, கம்ப்ரஷன் பக்கம் திரும்ப வேண்டும். அடைத்த ஃபில்டர், அழுக்கான இன்ஜெக்டர், கிழிந்த ஹோஸ் ஆகியவற்றைப் பாருங்கள். மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டி என்றால் டேங்க்கில் உள்ள பெட்ரோலையும் சந்தேகியுங்கள். இப்போது பங்குகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். இதற்காக வடிவமைக்கப்படாத பழைய ரப்பர் ஹோஸ்களுக்கும் அது நல்லதல்ல. கடைசியாக, கம்ப்ரஷன் டெஸ்ட். ஒரு சிலிண்டர் மட்டும் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைந்தால், அது வயரிங் வேலை அல்ல, இன்ஜின் வேலை.

அப்படியே ஓட்டினால் என்ன?

எரியாத பெட்ரோல் நேராகப் புகைக்குழாய்க்குப் போகும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் உள்ள வண்டியில் அது அங்கே போய் எரிந்து, கன்வெர்ட்டரையே உருக்கிவிடும். பிளக் வயர் செட்டோடு ஒப்பிட்டால் அதன் விலை பல மடங்கு. 'செக் இன்ஜின்' விளக்கு நிலையாக எரியாமல் மினுக் மினுக் என்றால் அர்த்தம் இதுதான்: வேகத்தைக் குறைத்து, கூடிய சீக்கிரம் ஓரங்கட்டுங்கள். புகைச் சோதனையில் ஹைட்ரோகார்பன் அளவு எகிறி, பியூசி சான்றிதழும் கிடைக்காமல் போகலாம். எல்லாவற்றையும்விட, நெடுஞ்சாலையில் லாரியை ஓவர்டேக் செய்யும் நடுவில் வண்டி இழுக்காமல் போனால் விலை பணத்தோடு நிற்காது.

ஒர்க்‌ஷாப்பில் என்ன கேட்கணும்?

"எந்தச் சிலிண்டர் மிஸ் ஆகுது, அதை எப்படிக் கண்டுபிடிச்சீங்க?" இந்த ஒரு கேள்வி போதும். பதில் இருந்தால் நல்ல மெக்கானிக். இல்லாவிட்டால் உங்கள் காசில் பரிசோதனை நடக்கப் போகிறது.

இன்ஜின் ஓடும்போதே வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழைய பழக்கத்தை அனுமதிக்காதீர்கள். எலெக்ட்ரானிக் இக்னிஷனில் காயிலும் மாட்யூலும் பழுதாகலாம். கழற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். டெல்லி காஷ்மீரி கேட், பெங்களூரு ஜே.சி. ரோடு, சென்னை ஜி.பி. ரோடு என எங்கே வாங்கினாலும் பில்லோடு வாங்குங்கள். பாதி விலைக்குக் கிடைக்கும் பிளக்கும் காயிலும் போலியாக இருக்கலாம்.

வரிசை இதுதான்: கவனி, பிளக், வயர், கேப், எர்த், காயில், பிறகு மற்றதெல்லாம். இசிஎம் என்ற பேச்சு கடைசியில்தான் வர வேண்டும். முதலிலேயே வந்தால், அவசரப்பட்டு ஓகே சொல்லிடாதீங்க.