வாக்கிங் போனேன், சிறுதானியம் தின்றேன். உடம்பு ஏன் படுத்துகிறது?

"நல்லாத்தான் இருந்தேன் சார். வாக்கிங் போக ஆரம்பிச்ச பிறகுதான் உடம்பு படுத்துது."

புதுச்சேரி, கருவடிக்குப்பம் சித்தானந்த சுவாமி கோயில் பக்கம் ஒரு டீக்கடை. காலை ஏழு மணி. சொன்னவருக்கு அறுபதைத் தாண்டிய வயது, மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கையில் சுக்குக் காபி. ஒரு மாதம் முன்புவரை அதே கையில் சர்க்கரை தூக்கலாக ஒரு டீயும் இரண்டு மசால்வடையும் இருக்கும். இப்போது ராத்திரிக்கு வெறும் காய்கறி, விடிந்ததும் வெறும் வயிற்றோடு நாலு சுற்று நடை. "நாலாவது சுத்துல கை நடுங்குது. சட்டை நனையற அளவு வேர்க்குது. ஒரு வடையைத் தின்னா சரியாயிடுது. அப்ப வடைதானே மருந்து?" கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் விஷயத்துக்குப் பிறகு வருகிறேன்.

பாரதி நடந்தே வந்து குயில் தோப்பில் உட்கார்ந்த ஊர் இது. இன்றைக்கு இங்கிருந்து லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்துக்குப் போகிறவர்கள் கவிதைக்காக நடப்பதில்லை. டாக்டர் சொன்னதற்காக நடக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) இந்தியாப் (INDIAB) ஆய்வு 2023-ல் வெளியானபோது, 20 வயதைத் தாண்டியவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் கோவாவில் 26.4 சதவீதம், புதுச்சேரியில் 26.3 சதவீதம் என்று தெரிந்தது. நாட்டின் சராசரி 11.4, பக்கத்துத் தமிழ்நாட்டில் 14.4. நம் ஊரில் நாலு பேரில் ஒருவர். ஆக, இங்கே புதிதாக டயட்டும் நடையும் தொடங்குகிறவர்களில் பலர் ஏற்கெனவே சட்டைப் பையில் மாத்திரை அட்டை வைத்திருப்பவர்கள். வாட்ஸ்அப்பில் வரும் டயட் குறிப்புகள் இந்த அட்டையைக் கண்டுகொள்வதே இல்லை. நடைத்தோழர்கள் கேட்ட சந்தேகங்களை அதை மனதில் வைத்தே கீழே தொகுத்திருக்கிறேன்.

காபி, டீ, சர்க்கரை எல்லாவற்றையும் ஒரே நாளில் விட்டேன். இரண்டு நாளாகத் தலை வெடிக்கிறது. ஏன்?

காபிதான் காரணம். நமக்குத் தூக்கத்தைக் கூட்டும் அடினோசின் என்ற பொருள் மூளையில் உட்காரும் இடத்தில் காஃபீன் போய் உட்கார்ந்துகொள்ளும். தினமும் குடிக்கக் குடிக்க மூளை அந்த இருக்கைகளைக் கூட்டிக்கொள்ளும். காபியைச் சட்டென்று நிறுத்தினால் அத்தனை இருக்கையும் அடினோசினுக்கு. தலையின் ரத்தக் குழாய்கள் விரியும், தலை வலிக்கும், எரிந்து விழத் தோன்றும். நிறுத்தி 12 முதல் 24 மணி நேரத்தில் தொடங்கி, இரண்டாம் நாள் உச்சத்துக்குப் போய், அதிகபட்சம் ஒன்பது நாளில் விட்டுவிடும்.

நானும் ஒரு தை மாதம் ஃபில்டரைக் கழுவிப் பரணில் ஏற்றியவன். இரண்டாம் நாள் மாலை, கறிவேப்பிலை வாங்கவில்லை என்பதற்காக வீட்டில் நான் போட்ட சத்தம் இன்றைக்கும் எடுத்துக் காட்டப்படுகிறது. மூன்று டம்ளரை இரண்டாக்கி, ஒரு வாரம் கழித்து ஒன்றாக்கியிருந்தால் இந்தக் கூத்தே இல்லை. அளவான காபியை அடியோடு விட்டாக வேண்டும் என்று பெரும்பாலோருக்கு அவசியமும் இல்லை.

கேழ்வரகு, கம்பு, சுண்டல், பச்சைக் காய்கறி என்று மாறினேன். வயிறு மத்தளமாக உப்புகிறது. எனக்குச் சிறுதானியம் ஒத்துக்கொள்ளவில்லையா?

ஒத்துக்கொள்ளும், வேகம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 உணவு அட்டவணைப்படி நூறு கிராம் தீட்டிய அரிசியில் நார்ச்சத்து மூன்று கிராமுக்கும் குறைவு. கேழ்வரகில் 11 கிராம். முழுக் கொண்டைக்கடலையில் 25. அரிசியிலேயே வளர்ந்த குடலுக்கு ஒரே வாரத்தில் மூன்று நான்கு மடங்கு நாரை அனுப்பினால், பெருங்குடலில் இருக்கும் கிருமிகளுக்குத் திருவிழா. நாரை அவை புளிக்க வைக்கும்போது ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலருக்கு மீத்தேனும் கிளம்பும். போதாக்குறைக்குத் தண்ணீர் குடிப்பதும் குறைவு என்றால் மலச்சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

முதல் வாரம் ஒரு வேளை மட்டும் மாற்றுங்கள். பயறு, கடலையை ராத்திரியே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக வேகவிடுங்கள். பச்சையாகத் தின்பதைவிட ஆவியில் வெந்த காய் முதல் மாதத்துக்கு நல்லது. இரண்டு மூன்று வாரத்தில் குடல் பழகிவிடும். நம் பாட்டிகள் கூழைப் புளிக்கவைத்து, மோர் ஊற்றிக் கரைத்துக் கொடுத்தார்கள். ஓட்ஸ் டப்பா மாதிரி கேழ்வரகைக் கையாளவில்லை. இன்னொன்று: மெட்ஃபார்மின் மாத்திரையும் வாயுவையும் பேதியையும் உண்டாக்கும். மாத்திரை தொடங்கிய அதே வாரத்தில் கம்பும் தொடங்கிவிட்டு, பழியைக் கம்பின் மேல் போடுகிறவர்கள் உண்டு.

பேலியோவில் முதல் வாரம் காய்ச்சல் வந்தது போல் கிடந்தேன். ஆனால் இரண்டு கிலோ குறைந்ததே?

முகநூல் குழுக்கள் வழியாகத் தமிழில் பரவி, நூறு பாதாமையும் பட்டர் டீயையும் நம் வீடுகளுக்குள் கொண்டுவந்த, மாவுச்சத்தைக் குறைக்கும் உணவுமுறை இது. மாவுச்சத்து சட்டென்று குறைந்தால் இன்சுலின் இறங்கும். இன்சுலின் இறங்கினால் சிறுநீரகம் உப்பைத் தாராளமாக வெளியே விடும், உப்போடு தண்ணீரும் போகும். சோர்வு, தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு எல்லாம் அதனால்தான். தசையில் சேமித்துள்ள ஒவ்வொரு கிராம் மாவுச்சத்தும் சுமார் மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். முதல் வாரம் போன இரண்டு கிலோவில் கொழுப்பு கொஞ்சம்தான், பெரும்பங்கு தண்ணீர். இதற்கு உப்புப் போட்ட சூப்பைக் குடி என்பது குழுவில் சொல்லும் வைத்தியம். பிபி, சிறுநீரகக் கோளாறு, இதயப் பலவீனம் உள்ளவர்கள் அதைத் தாமாகச் செய்யக் கூடாது.

"உடம்பில் உள்ள நஞ்சு வெளியேறுகிறது, அதனால்தான் வாந்தியும் பேதியும். பொறுத்துக்கொள்" என்கிறார்களே?

இந்த ஒரு வாக்கியம் செய்த கெடுதல் கொஞ்சமில்லை. கல்லீரலும் சிறுநீரகமும் நீங்கள் ஜூஸ் குடிக்கும் நாளுக்காகக் காத்திருப்பதில்லை. கழிவை அவை தினமும் அகற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. நல்லதைத் தின்ற பிறகு வாந்தி வந்தால், தின்றது நல்லதுதானா என்று முதலில் கேட்க வேண்டும்.

மைதான வாசல்களில் எவர்சில்வர் கேனில் விற்கும் சுரைக்காய்ச் சாற்றையே எடுத்துக்கொள்வோம். கறியாகச் சமைத்தால் சாது. ஆனால் சில காய் கசக்கும். அந்தக் கசப்புக்குக் காரணம் குக்குர்பிட்டாசின் என்ற நச்சு. 2010-ல் டெல்லியில் கசந்த சாற்றைக் குடித்த ஒருவர் இறந்துபோனார். அதன் பிறகு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு அமைத்து ஆராய்ந்தது. கசந்த சாறு குடித்தவர்களுக்குக் கடும் வாந்தி, பேதி, ரத்த வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது எல்லாம் பதிவாகியுள்ளன. மாற்று மருந்து கிடையாது. காயை நறுக்கியதும் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள், கசந்தால் மொத்தத்தையும் எறிந்துவிடுங்கள். பாகற்காய்ச் சாற்றோடு கலந்து குடிப்பது இன்னும் மோசம், எந்தக் கசப்பு எதனுடையது என்றே தெரியாது. கேனில் வருவதை யார் ருசி பார்த்தார்கள் என்பதும் நமக்குத் தெரியாது.

கேரளத்தில் நடந்தது வேறு. அங்கே ஒரு காயை இரும்பன் புளி என்பார்கள், நம் பக்கம் பிலிம்பி, புளிச்சக்காய். மீன் குழம்பில் இரண்டு காய் போட்டால் ஒன்றும் ஆகாது. கொலஸ்ட்ரால் குறையும் என்று அதைப் பிழிந்து டம்ளர் கணக்கில் குடித்த பத்துப் பேருக்குச் சிறுநீரகம் செயலிழந்ததை 2013-ல் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். ஏழு பேருக்கு டயாலிசிஸ் செய்ய வேண்டி வந்தது. காயில் உள்ள ஆக்சலேட் சிறுநீரகத்தின் நுண்குழாய்களில் படிகமாகப் படிந்ததுதான் காரணம். குழம்பில் காயாகத் தின்பதற்கு ஓர் அளவு தானாக இருக்கிறது. சாறாக்கினால் அந்த அளவு போய்விடும்.

சுகர் மாத்திரை போடுகிறேன். டயட் தொடங்கியதும் நடுக்கம், வியர்வை, படபடப்பு வருகிறது. சுகர் ஏறிவிட்டதா?

இறங்கிவிட்டது. பெரும்பாலும் அப்படித்தான். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும், நீங்கள் சாப்பிட்டீர்களா இல்லையா என்று பார்த்து வேலை செய்வதில்லை. மூன்று வேளை சோறு தின்ற காலத்தில் டாக்டர் எழுதிய அளவு அது. இப்போது பாதிதான் தின்கிறீர்கள், கூடவே ஒரு மணி நேரம் நடக்கிறீர்கள், நடை தானாகவே சர்க்கரையைக் குறைக்கும். மாத்திரை மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே போனால் நடுக்கம், வியர்வை, அகோரப் பசி. இன்னும் இறங்கினால் பேச்சுக் குழறும், நினைவு தவறும்.

அந்த நேரத்தில் வடை உதவாது. எண்ணெய் இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ரத்தத்தில் ஏறும். மூன்று டீஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதிக்க வேண்டும். வோக்லிபோஸ், அகார்போஸ் மாத்திரை போடுகிறவர்களுக்குச் சாதாரணச் சர்க்கரையும் உடனே பலிக்காது, அது உடைபடுவதைத் தடுப்பதுதான் அந்த மாத்திரையின் வேலை. அவர்களுக்கு குளுக்கோஸ்தான். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் இப்போது நிறையப் பேருக்கு எழுதப்படுகின்றன. இவற்றைப் போட்டுக்கொண்டு சோற்றை அடியோடு நிறுத்தினாலோ, நாள் கணக்கில் பட்டினி கிடந்தாலோ ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறலாம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு வரும், ஆனால் மீட்டரில் சர்க்கரை ஏறத்தாழச் சரியாகவே காட்டும். "சுகர் நார்மல்தான்" என்று வீட்டில் படுத்துவிடுவார்கள். அதுதான் ஆபத்து. இது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய விஷயம்.

டயட்டை மாற்றும் முன்பு மாத்திரைச் சீட்டோடு டாக்டரைப் பாருங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம்.

எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. பிபி மாத்திரையாலா?

இருக்கலாம். கருவாடு, ஊறுகாய், அப்பளம் மூன்றையும் விட்டு, எடையும் குறைந்து, புதுச்சேரிப் புழுக்கத்தில் வேர்க்க வேர்க்க நடந்தால் அழுத்தம் இறங்கும். நீர் பிரியும் மாத்திரை போடுகிறவர்களுக்குக் கூடுதலாக இறங்கும். உட்கார்ந்தும் நின்றும் அளந்து எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள், அளவைக் குறைப்பார்கள்.

உடற்பயிற்சி செய்த மறுநாள் உடம்பு முறிந்தது போல் வலி. லாக்டிக் அமிலம் தேங்குவதாலா?

இல்லை. லாக்டிக் அமிலம் ஒரு மணி நேரம் போல் கழிந்தால் ரத்தத்தைவிட்டு அகன்றுவிடும். மறுநாள் வருவது, பழகாத தசையில் ஏற்படும் நுண்ணிய சேதத்தின் வலி. மாடிப்படி இறங்கும்போது தொடை கெஞ்சும். ஒன்றிலிருந்து மூன்று நாளில் உச்சத்துக்குப் போய், ஒரு வாரத்துக்குள் தணியும். ஆனால் முதல் நாளே நூறு தோப்புக்கரணம் போட்டுவிட்டு, சிறுநீர் கோலா நிறத்தில் போனால் அது வேறு: தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கிறது என்று பொருள். காத்திருக்கக் கூடாது.

நடக்கும்போது நெஞ்சில் பாரம், தாடையிலோ கையிலோ இழுப்பு, நின்றால் விட்டுவிடுகிறது என்றால் அதை "வாயு" என்று சொல்லிப் பெருங்காயத்தைத் தேடாதீர்கள். நடை அந்த நோயைக் கொண்டுவரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரை தெரியாமலிருந்த இதய அடைப்பைக் காட்டிக் கொடுத்திருக்கிறது. சர்க்கரைக்காரர்களுக்கு வலியே இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகவும் வரும். படுக்க வைத்து எடுக்கும் ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது என்பதால் மட்டும் தப்பித்தோம் என்று ஆகாது. கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்று 46 வயதில் இறந்தபோது ஜிம்மே ஆபத்து என்று பேச்சுக் கிளம்பியது. பயந்து பயிற்சியை விட்டவர்களை எனக்குத் தெரியும். பரிசோதனைக்குப் போனவர்கள் செய்ததுதான் சரி.

எத்தனை நாள் பொறுத்துப் பார்க்கலாம்?

காபித் தலைவலிக்கு ஒன்பது நாள், தசைவலிக்கு ஒரு வாரம், வயிற்று உப்புசத்துக்கு மூன்று வாரம். கெடு தாண்டினால் காரணம் வேறு: ரத்தசோகை, தைராய்டு, பித்தப்பைக் கல் என்று டாக்டர் தேடிப் பார்ப்பார். சடசடவென்று எடை குறைத்தவர்களுக்குப் பித்தப்பைக் கல் அதிகம், இரண்டு மூன்று மாதம் கழித்துத் தலைமுடி கொட்டுவதும் உண்டு. நெஞ்சு பாரம், நினைவு தவறுதல், ரத்த வாந்தி இவற்றுக்கு ஒரு நாள் கூடக் கெடு கிடையாது.

டீக்கடையில் பார்த்தவர் அந்த வாரமே மாத்திரை அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினார். கிளிமிபிரைடு அளவைப் பாதியாக்கி, இரண்டு இட்லி தின்றுவிட்டு நடக்கச் சொன்னார்களாம். கை நடுக்கம் நின்றுவிட்டது. சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் வைத்திருக்கிறார். வடை என்ன ஆயிற்று என்று கேட்டேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஒன்று என்றார். நான் பார்த்தது செவ்வாய்க்கிழமை, கையில் வடை இருந்தது.