தடுப்பூசிக்குப் பின் குழந்தைக்கு உடம்பு சரியில்லையா? உடனே சொல்லுங்கள்

தளி பக்கத்தில் பல குடும்பங்களுக்கு வீடு இங்கே, வேலையோ தாய்வீடோ எல்லைக்கு அப்பால் ஆனேக்கல்லில். அங்கே தடுப்பூசி போட்ட குழந்தைக்கு இங்கே வந்தபின் வலிப்பு வந்தால் யாரிடம் சொல்வது? குழந்தை இப்போது எங்கே இருக்கிறதோ, அங்குள்ள அரசு மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி போட்டது கர்நாடகம் என்பதற்காக யாரும் உங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது. தடுப்பூசிப் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஏற்பாடு நாடு முழுவதற்கும் ஒன்றே.

இந்தக் கண்காணிப்பு ஏன் தேவை? 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசிக்குப் பின் நான்கு குழந்தைகள் இறந்தன. அதன்பின் தமிழக அரசு கிராமங்களில் ஊசி போடுவதை நிறுத்தி, ஆரம்ப சுகாதார நிலையங்களில் மட்டும் போட வைத்தது. பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழுவும் அதே ஆண்டில் அமைந்தது. அதற்கான செயலகம் 2012இல் வந்தது.

எதற்குப் பயப்பட வேண்டும்?

லேசான காய்ச்சல், ஊசி போட்ட இடத்தில் வலி, வீக்கம் ஆகியவை ஓரிரு நாளில் சரியாகிவிடும். வலிப்பு, மூச்சுத் திணறல், முக வீக்கம், துவண்டு போதல், மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓயாத அழுகை இருந்தால் காத்திருக்காதீர்கள், 108ஐ அழையுங்கள். ஊசி போட்டபின் அரை மணி நேரம் அங்கேயே இருந்துவிட்டுக் கிளம்புங்கள்.

ஊசிக்குப் பின் நடந்தது எல்லாம் ஊசியால் நடந்தது ஆகாது. வேறு நோய் தற்செயலாக அப்போதே வந்திருக்கலாம். போட்ட முறையிலும் தவறு நேர்ந்திருக்கலாம். கலக்கிய தட்டம்மை மருந்தை 4 மணி நேரத்துக்கு மேல் வைத்திருந்து போடுவது அப்படியொரு தவறு. எது காரணம் என்பது விசாரித்தால்தான் தெரியும்.

தகவல் எப்படிப் போகிறது?

மரணம், மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்கு உடல்நலக் குறைவு, ஒரே இடத்தில் பலருக்குப் பாதிப்பு போன்றவற்றை மருத்துவர் உடனே மாவட்டத் தடுப்பூசி அலுவலருக்குத் தெரிவிக்க வேண்டும். அங்கிருந்து மாநிலத்துக்கும் டெல்லிக்கும் அறிக்கை போகும். ஒரே மருந்துத் தொகுப்பால் ஓசூரிலும் ஆனேக்கல்லிலும் குழந்தைகள் பாதிக்கப்பட்டால், இரண்டையும் சேர்த்துப் பார்க்க அந்த ஏற்பாட்டால்தான் முடியும். அதற்கு முதல் தகவல் உங்களிடமிருந்து வர வேண்டும்.

என்ன செய்யலாம்?

- தடுப்பூசி அட்டையைப் பத்திரமாக வையுங்கள். ஊசியின் பெயர், தேதி, போட்ட இடம் சரியாக எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.
- மருத்துவச் சீட்டுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள்.
- மருந்துப் பின்விளைவுகளுக்கான கட்டணமில்லா தேசிய எண் 1800-180-3024.
- உயிரிழப்பு நேர்ந்தால், வேதனையிலும் பிரேதப் பரிசோதனைக்குச் சம்மதியுங்கள். காரணத்தை அறிய அதுவே பெரிய துணை.

உங்கள் உரிமை

கொரோனா தடுப்பூசி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 மே 2 அன்று தெளிவாகச் சொன்னது: பின்விளைவுகளை மக்களும் தனியார் மருத்துவர்களும் தாங்களே பதிவு செய்ய அரசு வழிசெய்ய வேண்டும், பதிவு செய்பவரின் அடையாளத்தைக் காக்க வேண்டும். விசாரணை என்ன ஆனது என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்படி கேட்கலாம். பணம் கட்டிப் போட்ட ஊசியில் கவனக்குறைவு இருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சட்ட உதவி இலவசம். அழைக்க வேண்டிய எண் 15100.

புகார் சொன்னால் ஊசிக்கு எதிரி என்று நினைப்பார்களோ எனத் தயங்க வேண்டாம். பிழையைச் சொல்லத் தெரிந்த தாய்தான் அடுத்த குழந்தைக்குப் போடும் ஊசியைப் பாதுகாப்பாக்குகிறாள். அடுத்த தவணையை மருத்துவரிடம் கேட்டுத் தீர்மானியுங்கள், பயந்து நிறுத்திவிடாதீர்கள்.