மண்ணுள் நோக்கும் கண்

சென்னையினின்று பெங்களூர் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூரை அடுத்துள்ளது இருங்காட்டுக்கோட்டை. ‘இரும்’ என்பதற்குப் பெரிய என்பது பொருள். பெரிய காட்டை நினைவூட்டும் அவ்வூரில் இன்று தொழிற்சாலைகள் ஓங்கி நிற்கின்றன. ஊரும் ஆலையும் பெருகப் பெருக நீரின் தேவையும் பெருகும். செம்பரம்பாக்கம் ஏரியின் நீரைக் கண்ணாற் காணலாம். மண்ணுள் மறைந்த நீரைக் காண்பது எங்ஙனம்? அதனை அறியாது கிணறு தோண்டிக் கைப்பொருள் இழந்த உழவர் நம் நாட்டிற் பலர்.

கிணற்றிற் கல்லையிட்டு, ஒலி எழும் வரை எண்ணி, ஆழத்தை மதிப்பிடும் சிறுவனை நீங்கள் கண்டிருப்பீர்கள். ரேடார் கருவி செய்வதும் ஏறத்தாழ அதுவே. வானூர்தியினின்று அது கீழே செலுத்தும் வானொலி அலைகளிற் சில நிலத்துட் புகுந்து, அடுக்குகள் மாறும் இடத்திற் பட்டு மீளும். மீளும் காலத்தைக் கணக்கிட்டால் ஆழம் புலனாகும். இவ்வாறே தென்துருவத்தில், பல கிலோமீட்டர் தடித்த பனிக்கட்டியின் கீழுள்ள மலைகளை அறிஞர் கண்டனர். 1981-ஆம் ஆண்டில் ‘கொலம்பியா’ விண்ணோடத்தின் ரேடார், சகாரா மணலுள் மறைந்த பழைய ஆற்றுத் தடங்களைக் காட்டிற்று.

ஆயினும், பனியையும் உலர்ந்த மணலையும் ஊடுருவும் இவ்வலைகளை ஈரக் களிமண் விழுங்கிவிடும். அது மின்சாரத்தை எளிதிற் கடத்துவதே காரணம். எனவே, அத்தகைய நிலத்திற்கு வேறொரு முறை வேண்டும்.

அம்முறை நம் கடலூர் மாவட்டத்திலேயே கையாளப்பட்டது. 2013-ஆம் ஆண்டை ஒட்டி, ஐதராபாத்திலுள்ள தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிலையத்தார், ஹெலிகாப்டரின் கீழ்ப் பெரியதொரு கம்பி வளையத்தைத் தொங்கவிட்டுப் பறந்தனர். வளையத்தில் ஓடும் மின்சாரத்தைத் திடீரென நிறுத்தினால், நிலத்துள் மெல்லிய மின்னோட்டம் தோன்றித் தேயும். களிமண்ணிலும் உவர்நீரிலும் அது மெல்லத் தேயும். நன்னீர் பொதிந்த மணலில் விரைந்து தேயும். கரும்பாறையில் மிக விரைந்து மறையும். இவ்வேறுபாட்டை அளந்து, நீர் தங்கும் அடுக்குகளை வரைபடமாக்கலாம். ஆங்காங்கே துளையிட்டுச் சரிபார்த்த பின்னரே அவ்வரைபடம் உறுதி பெறும்.

மாணவர்களே! நீர் எங்குள்ளது என்பதைக் கருவி காட்டும். குறைந்த நீரை அதனால் நிரப்ப இயலாது. அதனை நிரப்புவது மழை. அம்மழைநீரை ஏந்தி மண்ணுக்கு ஊட்டுவன ஏரியும் குளமும். பெட்டியிலுள்ள பொருளை எண்ணி அறிந்தவன் வரவுக்கேற்பச் செலவிடுவான். மண்ணுள் இருக்கும் நீரை அளந்தறிந்த நாமும் அவ்வாறு ஒழுகுவோமாயின், அவ்வறிவு பயனுடையதாகும்.