அடைப்பு நீங்கிய பிறகும் இதயம் அடிபடுவது ஏன்?

(டிப்ளமோ மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)



கால்சியம் என்றதும் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பால், முட்டை, கேழ்வரகு, எலும்பு, பல்... அவ்வளவுதான். ஆனால் நம் இதயத்தைப் பிறந்தது முதல் துடிக்க வைப்பதும் இதே கால்சியம்தான். மாரடைப்பு வந்த ஒருவருக்கு அடைப்பை எடுத்து, ரத்தம் மீண்டும் பாயும் நேரத்தில், இதயத் தசையைக் காயப்படுத்துவதிலும் இதற்குப் பெரிய பங்கு உண்டு. மோட்டாரும் டிரான்ஸ்ஃபார்மரும் படிக்கிறவனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

குழாய்த் தண்ணீர் சொன்ன பாடம்

லண்டனில் சிட்னி ரிங்கர் என்று ஒரு மருத்துவர். தவளையின் இதயத்தைத் தனியே எடுத்து, உப்புக் கரைசலில் துடிக்க வைத்து ஆராய்ந்தார். அந்தக் கரைசல் குழாய்த் தண்ணீரில் கலக்கப்பட்டது என்பது அவருக்குப் பிறகுதான் தெரிந்தது. காய்ச்சி வடித்த நீரில் செய்து பார்த்தார். துடிப்பு மங்கி நின்றுவிட்டது! கொஞ்சம் கால்சியம் உப்பைச் சேர்த்ததும் மறுபடி துடித்தது. 1883இல் இதை எழுதி வெளியிட்டார்.

நம் இதயச் செல் ஓய்வாக இருக்கும்போது, அதன் உள்ளே இருப்பதைப் போல சுமார் 10,000 மடங்கு கால்சியம் வெளியே இருக்கிறது. ஒவ்வொரு துடிப்புக்கும் சிறிதளவு உள்ளே வரும். அது செல்லுக்குள் இருக்கும் கால்சியம் கிடங்கைத் திறந்துவிடும். தசை சுருங்கும். உடனே அந்தக் கால்சியத்தை வெளியேயும் கிடங்குக்கும் திருப்பி அனுப்ப வேண்டும். அப்போதுதான் தசை தளரும். திருப்பி அனுப்பும் பம்புகள் ஓட ஏ.டி.பி. என்ற சக்திப் பொருள் தேவை. அதைத் தயாரிக்கும் பவர் ஹவுஸ்தான் மைட்டோகாண்ட்ரியா.

அடைப்பின்போது

ரத்தக் குழாய் அடைத்தால் ஆக்சிஜன் நின்றுபோகும். ஏ.டி.பி. குறையும். செல் ஆக்சிஜன் இல்லாமலே சர்க்கரையை உடைத்துச் சமாளிக்கப் பார்க்கும். அதனால் செல்லுக்குள் அமிலம் சேரும். சோடியத்தை வெளியேற்றும் பம்பும் சக்தி இல்லாமல் படுத்துவிடும். ஆக, உள்ளே அமிலமும் சோடியமும் தேங்கிக் கிடக்கின்றன.

அடைப்பு நீங்கியதும்

புது ரத்தம் வந்து வெளியே இருந்த அமிலத்தைக் கழுவிவிடும். உள்ளே உள்ள அமிலம் வேகமாக வெளியேறும். ஆனால் சும்மா போகாது, அதற்குப் பதிலாக இன்னும் சோடியத்தை உள்ளே விட்டுவிட்டுப் போகும். செல்லின் சுவரில் ஒரு வாசல் இருக்கிறது. வழக்கமாக மூன்று சோடியத்தை உள்ளே எடுத்து ஒரு கால்சியத்தை வெளியே தள்ளும். உள்ளே சோடியம் மிதமிஞ்சிப் போனால் இந்த வாசல் எதிர்த்திசையில் வேலை செய்யும். த்ரீ ஃபேஸ் மோட்டாரில் இரண்டு ஃபேஸை மாற்றிக் கொடுத்தால் தலைகீழாகச் சுற்றுமே, அந்த மாதிரி! சோடியம் வெளியே போகும், கால்சியம் உள்ளே கொட்டும்.

இதனால் மூன்று கேடுகள். ஒன்று, சக்தியும் திரும்பி, கால்சியமும் நிறைந்திருப்பதால் தசை அளவுக்கு மீறிச் சுருங்கித் தன்னையே கிழித்துக்கொள்ளும். பக்கத்துச் செல்லையும் இழுத்துக் கெடுக்கும். இரண்டு, கிடங்கு நேரம் தப்பிக் கால்சியத்தைக் கக்குவதால் துடிப்பின் தாளம் தப்பும். மூன்று, மைட்டோகாண்ட்ரியா கால்சியத்தை விழுங்கித் திணறும். திடீரென வந்த ஆக்சிஜனால் உண்டாகும் கேடான மூலக்கூறுகளும் அதைத் தாக்கும். அதன் சுவரில் ஒரு பெரிய துளை திறக்கும். அடைப்பு இருந்தவரை அமிலம்தான் அந்தத் துளையை மூடி வைத்திருந்தது. அமிலம் போனதும் காவலும் போயிற்று. பவர் ஹவுஸ் நின்றால் செல் சாகிறது.

நம் துறையில் சொன்னால் சுலபம். கரண்ட் போன நேரத்தில் ஊரில் எல்லா பம்புசெட்டுக்கும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டு வைத்திருக்கிறார்கள். சப்ளை வந்ததும் அத்தனை மோட்டாரும் ஒரே நொடியில் கிளம்பினால் என்ன ஆகும்? ஒவ்வொன்றும் ஸ்டார்ட்டிங்கில் ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். ஃபியூஸ் போகும்! அதற்காக, சப்ளையே வேண்டாம் என்று யாராவது சொல்வோமா?

நான் இதைப் படித்த காரணம்

எங்கள் பெரியப்பா மூட்டை தூக்குகிறவர். நெஞ்சு வலியை 'கேஸ்தான்' என்று சொல்லி, சோடா குடித்துவிட்டு ஐந்து மணி நேரம் திண்ணையில் படுத்திருந்தார். பிறகுதான் ஆஸ்பத்திரி. ஸ்டென்ட் வைத்தார்கள். அடைப்பு எடுத்த கையோடு துடிப்பு தாறுமாறாகி, சரி செய்தார்கள். உயிர் பிழைத்தார். ஆனால் இப்போது பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஊரில் என்ன பேச்சு தெரியுமா? "குழாயைத் திறந்துதான் ஆளைக் கெடுத்துட்டாங்க!" எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அதனால் டிஸ்சார்ஜ் சீட்டு என் கைக்கு வந்தது. அதில் இருந்ததைப் புரிந்துகொள்ளத்தான் நூலகத்தில் தேடிப் படித்தேன். போன மாதம் அத்தைக்கு நெஞ்சு அடைத்தபோது, "நான் வரமாட்டேன், அண்ணன் கதிதான் எனக்கும்" என்று அடம் பிடித்தது. அப்பாவும் நானும் மன்றாடித்தான் அழைத்துப் போனோம்.

ஊர்ப் பேச்சில் பாதி உண்மை இருக்கிறது. ரத்தம் திரும்புவதால் ஒரு காயம் வருவது நிஜம். ஆனால் ரத்தம் திரும்பாவிட்டால் அந்தப் பகுதித் தசையில் பெரும்பகுதி செத்தே போகும். நாய்களில் செய்த சோதனைகளில், அடைத்துச் சுமார் 20 நிமிடம் வரை தசை பிழைத்துக்கொண்டது. அதற்கு மேல் உட்புறச் சுவரில் தொடங்கி, மணிக்கணக்கில் வெளிப்புறம் நோக்கிச் சாவு பரவியது. நேரம் ஆக ஆகச் செல்லுக்குள் சோடியமும் தேங்கிக்கொண்டே போகும். ஆகவே தாமதம் இரண்டு வழியிலும் நஷ்டம்.

மருந்து உண்டா?

1986இல் அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் நாய்களின் இதயக் குழாயை ஐந்தைந்து நிமிடமாக நான்கு முறை அடைத்துத் திறந்தார்கள். அதன் பிறகு 40 நிமிடம் அடைத்தபோது காயம் கால் பங்காகக் குறைந்தது! 2003இல், அடைப்பைத் திறக்கும்போதே அரை நிமிடம் விட்டு விட்டுத் திறந்தாலும் காயம் குறையும் என்று விலங்குகளில் கண்டார்கள். மைட்டோகாண்ட்ரியாவின் துளையை மூடும் சைக்ளோஸ்போரின் என்ற மருந்து, 2008இல் 58 நோயாளிகளிடம் நம்பிக்கை தந்தது. ஆனால் 2015இல் 970 பேரிடம் நடந்த பெரிய சோதனையில் பலன் தரவில்லை. இந்தக் காயத்தை நிச்சயமாகத் தடுக்கும் மருந்து இன்னும் வழக்கத்துக்கு வரவில்லை. இப்போதைக்கு நம் கையில் இருக்கும் நல்ல மருந்து நேரம்தான்.

இன்னொன்று. இது செல்லுக்குள் நடக்கும் கால்சியக் குழப்பம். பால் குடிப்பதால் வருவதல்ல. இதைப் படித்துவிட்டு யாரும் பாலை நிறுத்த வேண்டாம். டாக்டர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

நண்பர்களே, நம்மில் பலர் வீட்டில் முதல் தலைமுறையாகப் படிக்க வந்தவர்கள். சீட்டைப் படித்துச் சொல்லும் பொறுப்பும் நமக்குத்தான். நெஞ்சில் பாரம், வியர்வை, இடது கை அல்லது தாடை வலி என்று வீட்டில் யாராவது சொன்னால் சோடா தேடாதீர்கள். 108க்கு போன் போடுங்கள். "திறந்தா கெட்டுடும்" என்று யாராவது சொன்னால் பம்புசெட்டு கதையைச் சொல்லுங்கள். நம்ம ஊர் ஆட்களுக்கு அது உடனே புரியும்!