ஒரே விலாசத்தில் மூன்று தலைமுறை

மொன்றியலுக்குப் பக்கத்து லவாலில் வீடு வாங்கப் போகிற ஒரு தமிழ்க் குடும்பத்தோடு கூடப் போய்ப் பாருங்கள். குசினியையும் முன்னறையையும் விட்டுவிட்டு யாராவது ஒருவர் நேரே படியிறங்கி பேஸ்மென்டுக்குப் போவார். கீழே குளியலறை இருக்கிறதா, யன்னலால் வெளிச்சம் வருமா, பனிக்காலத்தில் தரை குளிருமா என்று துருவித் துருவிக் கேட்பார். வாடகைக்கு விடப் போகிறார்கள் என்று நினைத்து முகவரும் வாடகைக் கணக்குச் சொல்லத் தொடங்குவார். பாதி நேரம் அது வாடகைக்கல்ல. ஊரிலிருந்து வரப்போகிற அம்மாவுக்கு. அல்லது ஏற்கெனவே வந்து, இரண்டு அறை வீட்டில் பேரப்பிள்ளையோடு ஒரே கட்டிலில் படுக்கிற மாமிக்கு.

அண்மையில் இங்கே வந்துசேர்ந்த ஒரு தம்பி, "தமிழர் எண்டால் கூட்டுக் குடும்பம்தானே, இதிலை என்ன புதினம்?" என்று கேட்டார். தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடிக்கிற பதில் அல்ல அது. அவருக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. யாழ்ப்பாணத்தில் நாங்கள் ஒரே கூரையின் கீழ் அடுக்கி வாழ்ந்தவர்கள் அல்லர். மகளுக்குச் சீதனமாக வீடு கொடுப்பது அங்கே வழக்கம். காணியைப் பிரித்து, பழைய வீட்டுக்குப் பக்கத்தில் இன்னொன்று கட்டி, அக்காவும் தங்கையும் ஒரே வளவில் அல்லது ஒரே ஒழுங்கையில் குடியிருப்பார்கள். அடுப்பு தனித்தனி, பிள்ளை மட்டும் பொது. அம்மம்மா வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போவா. பசித்து அழுதால் கொண்டுவந்து தருவா. சண்டை வந்தால் பொட்டை அடைத்துவிடலாம் என்பதும் அந்த ஏற்பாட்டின் ஒரு நன்மை. ஆக, எங்களுடைய பழக்கம் கூட இருப்பதல்ல, கிட்ட இருப்பது. கூட இருப்பதை எங்களுக்குப் பழக்கியது கனடா.

அதுவும் உடனே நடந்ததல்ல. 1983 யூலைக் கலவரத்துக்குப் பிறகு மொன்றியலுக்கு வந்தவர்களில் பெரும்பாலானோர் தனித்து வந்த இளைஞர்கள். 1986 ஓகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீன்பிடிப் படகுக்காரர்கள் மீட்ட கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர்களும் மொன்றியலுக்கும் ரொறன்ரோவுக்கும்தான் வந்து சேர்ந்தார்கள். கோட்-டே-நேஜ் பக்கத்து அடுக்குமாடிகளில் ஒரு வீட்டில் பலர். பிறகு கல்யாணம், பிள்ளை. ஆனால் அந்த முதல் பிள்ளைகளுக்கு அம்மம்மா இல்லை. ஊரில் போர், 1995 ஒக்ரோபரில் வலிகாமமே இடம்பெயர்ந்து கைதடிப் பாலத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. இங்கே ஒரு தாய் பின்னேர வேலைக்குப் போனால் அடுத்த கதவுக்காரி பார்த்தாள். அவள் இரவு வேலைக்குப் போனால் இவள் பார்த்தாள். இரத்த உறவே இல்லாத சித்திமாரும் மாமாமாரும் வளர்த்த தலைமுறை அது. அந்தச் சித்திமாருக்கு யாரும் சரியாக நன்றி சொன்னதாக எனக்குத் தெரியவில்லை.

பெற்றோரைக் கூப்பிடக்கூடிய நிலை வந்தபோது கதவு ஒருமுறை மூடியது. 2011 நவம்பரில் பெற்றோருக்கும் தாத்தா பாட்டியருக்குமான நிரந்தர வதிவிட விண்ணப்பங்களை மத்திய அரசு நிறுத்திவைத்தது. 2014இல் மறுபடி திறந்தபோது ஆண்டுக்கு 5,000 விண்ணப்பம் என்று வரம்பு. இடையில் 2011 டிசம்பரில் சூப்பர் விசா வந்தது. பத்து ஆண்டுக்குப் போய்வரலாம். முதலில் ஒரு தடவைக்கு இரண்டு ஆண்டு, 2022 யூலையிலிருந்து ஐந்து ஆண்டு தங்கலாம். வேலை செய்ய முடியாது, அரச மருத்துவ அட்டை கிடையாது, குறைந்தது 1,00,000 டொலருக்கு மருத்துவக் காப்புறுதி எடுத்துக் காட்டவேண்டும். பேஸ்மென்டைப் பார்க்கப் படியிறங்குகிறவரின் தலைக்குள் ஓடுகிற கணக்கில் இதுவும் ஒன்று.

"கியூபெக்கில் கார்டரி மலிவுதானே, பிறகு ஏன் அம்மாவை அலைக்கழிப்பான்?" என்று ரொறன்ரோவிலிருந்து வருகிறவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. கார்டரி என்பது சிறு பிள்ளைகளுக்கான பகல் பராமரிப்பு நிலையம். 1997 செப்டெம்பரில், போலின் மாறுவா அமைச்சராக இருந்தபோது, நாளொன்றுக்கு 5 டொலர் என்று தொடங்கிய திட்டம் இது. 2025இலும் 9 டொலர் 35 சதம்தான். கனடாவின் மற்ற மாகாணங்கள் பின்னால் பார்த்துப் பழகியது இதைத்தான். ஆனால் மலிவு என்பது இடம் கிடைத்தவர்களுக்கு. பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பவர்களுக்கு அந்த விலை பேப்பரில் மட்டும். மற்றது நேரம். கார்டரி விடிந்தபின் திறந்து பின்னேரம் ஆறு மணியளவில் பூட்டும். எங்கள் ஆட்களில் எத்தனை பேருக்கு அந்த நேரத்து வேலை? தொழிற்சாலையில் பின்னேர ஷிஃப்ட், உணவகத்தில் இரவு, முதியோர் இல்லத்தில் வார இறுதி. மூன்றாவது, அகதிக் கோரிக்கையாளர்கள். 2018 ஏப்ரலில் கியூபெக் அரசு விதிக்குப் புது விளக்கம் சொல்லி, கோரிக்கை முடிவாகாதவர்களின் பிள்ளைகளை மானிய கார்டரியிலிருந்து விலக்கியது. கொங்கோவிலிருந்து மூன்று பிள்ளைகளோடு வந்த ஒரு தாய் வழக்குப் போட்டார். அது பாகுபாடு என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் சொன்னது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அதற்குள் 2018இல் கைக்குழந்தையாக இருந்தவர்கள் பள்ளிக்கூடமே போகத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த மூன்று ஓட்டையையும் அடைத்துக்கொண்டிருந்தவர் பேஸ்மென்டில் இருந்த அம்மம்மா, அல்லது அப்பம்மா. 2020 மார்ச் வரை அது யாருடைய கண்ணிலும் படவில்லை.

கொரோனாத் தொற்றால் மார்ச் 13 வெள்ளிக்கிழமை பள்ளிகளையும் கார்டரிகளையும் மூடுவதாக அறிவித்தார்கள். மறுநாள் சனிக்கிழமை, 70 வயதுக்கு மேற்பட்டவர்கள் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார்கள். தனித்தனியே வாசித்தால் இரண்டும் சரி. லவாலில் ஒரு மூன்று தலைமுறை வீட்டுக்குள் இருந்து வாசித்தால், பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிள்ளைகளிடமிருந்து தள்ளியிரு என்று கிழவிக்குச் சொன்னதாக ஆகிறது. மேல்மாடியில் இரண்டு பிள்ளை, கீழே ஒரு பாட்டி, நடுவில் ஒரே படிக்கட்டு. எங்கே தள்ளியிருப்பது?

அப்பா வேலை செய்த உணவகம் பூட்டி. அம்மா முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளர், அவளுக்கு இரட்டை ஷிஃப்ட். அப்போது லவாலில் சான்ற்-டோரோத்தே அரச முதியோர் இல்லத்தில் மட்டும் முதல் அலையில் நூறு பேரளவில் இறந்துபோனார்கள். கியூபெக் இல்லங்களில் ஆள் போதாமல் இராணுவத்தையே உதவிக்கு அழைத்தார்கள். அப்படிப்பட்ட இல்லங்களிலிருந்து வீடு திரும்புகிற மகள்களும் மருமகள்களும் எங்களிடையே இருந்தார்கள். சுகாதார ஊழியரின் பிள்ளைகளுக்கென்று அவசரகால கார்டரிகளைத் திறந்து வைத்திருந்தார்கள்தான். ஆனால் வைத்தியசாலைக்காரரின் பிள்ளைகள் எல்லாரும் ஒன்றுகூடும் இடத்துக்குத் தன் பிள்ளையை அனுப்ப எல்லாருக்கும் மனம் வரவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மாடிகளை மாற்றிக்கொண்டார்கள். வேலைக்குப் போய்வருகிற மருமகள் பேஸ்மென்டுக்கு இறங்கினாள். மாமியார் மேலே ஏறிப் பிள்ளைகளின் அறையில் படுத்தா. கராஜ் வழியாக உள்ளே வந்து, உடுப்பைச் சலவை இயந்திரத்தில் போட்டு, கீழேயே குளித்து, கீழேயே சாப்பாடு. பிள்ளைகள் மேல்படியில் இருந்துகொண்டு கீழே பார்த்துக் கதைப்பார்கள். சின்னவனுக்கு அப்போதுதான் பேச்சு வந்துகொண்டிருந்தது. பெரியவளுக்குப் பிரெஞ்சு வகுப்பு கணினியில். 1977இன் 101ஆம் சட்டத்தால் எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சுப் பள்ளிக்குத்தான் போகிறார்கள். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிற அப்பம்மாவுக்கோ ஒரு பிரெஞ்சுச் சொல் தெரியாது. ஆனாலும் ஆசிரியை எப்போது கோபப்படுகிறார் என்பது அவவுக்குச் சரியாகத் தெரிந்தது. பாடத்தைப் பார்த்துக்கொண்டது பக்கத்து அறையில் இருந்த சீஜெப் கல்லூரியில் படிக்கிற சித்தப்பா. மொன்றியல் பெருநகரப் பகுதியில் கார்டரிகள் யூன் 1ஆம் திகதிதான் திறந்தன. ஆரம்பப் பள்ளிகள் ஓகஸ்ட் கடைசி வரைக்கும் திறக்கவேயில்லை. அவ்வளவு நாளும் அந்த வீடு இப்படித்தான் ஓடியது.

நோய் உள்ளே வராமல் இருந்ததற்கு இந்த ஒழுங்கு காரணமா, வெறும் அதிர்ஷ்டமா என்று நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன். நெருக்கமாக வாழ்ந்த, சுகாதார ஊழியர் நிறைந்த மொன்றியல்-நோர் போன்ற இடங்களை நோய் எப்படித் தாக்கியது என்பதைப் பார்த்தவர்கள், 'கூட்டுக் குடும்பம் எங்களைக் காப்பாற்றியது' என்று எளிதாகச் சொல்லமாட்டார்கள். பிள்ளைகளைக் காப்பாற்றிய அதே கதவால்தான் கிழவிக்கு ஆபத்தும் வரும்.

வளவுப் பழக்கத்தோடு வாழ்ந்தவர்கள் நிலை வேறு. அக்கா ஒரு தெருவில், தங்கை இரண்டு தெரு தள்ளி என்று லவாலிலும் பலர் வீடு வாங்கியிருந்தார்கள். சட்டம் பார்த்தது உறவை அல்ல, விலாசத்தை. வேறு விலாசத்துக்காரர் வீட்டுக்குள் விருந்தாளியாக வரக்கூடாது என்று இருந்தது. உதவியோ சேவையோ செய்ய வருகிறவருக்கு விலக்கு இருந்தது. அதாவது சித்தியாக வந்தால் குற்றம், பிள்ளை பார்க்கிற ஆளாக வந்தால் குற்றமில்லை! இந்த விலக்கு இருப்பதே தெரியாமல் மாதக்கணக்கில் வாசற்படியில் சாப்பாட்டை வைத்துவிட்டுப் போனவர்கள் உண்டு. 2021 சனவரி 9 முதல் இரவு எட்டு மணி ஊரடங்கும் சேர்ந்தது. ஊரடங்கு என்ற சொல்லுக்கு எங்கள் வீட்டுப் பெரியவர்களின் முகம் எப்படி மாறும் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

கிட்ட இருப்பது என்றேனே, அதற்கு இதே மண்ணிலிருந்து ஒரு சான்று இருக்கிறது. பழைய கியூபெக்கில் ஒவ்வொரு பங்குக் குருவும் பிறப்பு, கல்யாணம், இறப்பு எல்லாவற்றையும் பதிந்துவைத்தார். 1608 முதல் 1799 வரை சென் லோறன்ஸ் பள்ளத்தாக்கில் வாழ்ந்த பிரெஞ்சுக் குடியேறிகளின் அந்தப் பதிவுகளை, 56 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பேரப்பிள்ளைகளின் கணக்கை, ஆய்வாளர்கள் அலசி 2019இல் வெளியிட்டார்கள். தன் தாய் உயிரோடிருந்த பெண்ணுக்குச் சராசரியாக இரண்டு பிள்ளை கூடுதலாகப் பிறந்தது. பதினைந்து வயதைத் தாண்டிய பிள்ளைகளும் ஒன்று கூடுதல். மகளின் வீடு தாய் வீட்டிலிருந்து தூரப் போகப் போக அந்தப் பலன் குறைந்துகொண்டே போனது. சீதனக் காணியைப் பிரித்துப் பக்கத்தில் வீடு கட்டிய யாழ்ப்பாணத்துக் கிழவிக்கு இதைச் சொன்னால், இதற்கு ஒரு ஆராய்ச்சியா என்று சிரிப்பா.

அவ சிரிக்காத பகுதியும் உண்டு. அதே சமயத்தில் வந்த பின்லாந்து ஆய்வொன்று, பாட்டிக்கு 75 வயது தாண்டியபின் இந்தப் பலன் தேய்ந்துவிடுவதைக் காட்டியது. கைக்குழந்தைகள் விடயத்தில், மிக வயதான அப்பம்மா வீட்டில் இருப்பது பாதகமாகவும் அமைந்ததாம். நான் இதை இப்படித்தான் விளங்கிக்கொள்கிறேன்: ஒரு வயதுக்குப் பிறகு அவவையும் யாராவது பார்க்கவேண்டும். ஒரே தாய்க்கு இரண்டு பக்கமும் கை நீட்டவேண்டி வருகிறது. எங்கள் வீடுகளில் இந்தக் கட்டம் வந்துவிட்டதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. முழங்கால் நோகிற கிழவி இருபது தடவை படியேறி இறங்குகிறா. "அம்மாக்குப் பேரப்பிள்ளையள் எண்டால் உயிர்" என்று மகன் பெருமையாகச் சொல்கிறான். உயிர்தான். ஆனால் அவவுக்குக் கார் ஓடத் தெரியாது, பனிக்குள் தனியே பஸ் ஏறப் பயம், டொலர்-டே-ஓர்மோ முருகன் கோயிலுக்குக் கூட யாராவது கூட்டிப்போகவேண்டும். வேண்டாம் என்று சொல்ல வழி இருக்கிற ஆளிடம் கேட்பது வேறு, வழி இல்லாத ஆளிடம் கேட்காமலே விடுவது வேறு.

அரசின் தாள்களைப் பாருங்கள். சூப்பர் விசாவில் அவ விருந்தாளி. நிரந்தர வதிவிடத்துக்கு ஸ்பொன்சர் செய்தால், கியூபெக்கில் பத்து ஆண்டுக்கு அவவின் செலவைப் பொறுப்பேற்பதாக மகன் கையெழுத்து வைக்கவேண்டும். அங்கே அவ சுமை. 2023இல் தொடங்கிய சலுகையில், முதியவரோடு சேர்ந்து வாழத் தனிக் குடியிருப்புப் பகுதி கட்டினால், 50,000 டொலர் வரையான செலவில் 15 வீதம், உச்சமாக 7,500 டொலர், அந்த ஆண்டு மத்திய வரியில் திரும்பக் கிடைத்தது; அங்கே அவ பராமரிக்கப்படுபவர். பிள்ளை பார்ப்பவர் என்று அவவுக்கு ஒரு கட்டம் போட்ட படிவத்தை நான் இன்னும் காணவில்லை. 2021 கணக்கெடுப்பில் கனடாவில் மூன்று தலைமுறை சேர்ந்து வாழும் வீடுகள் ஏறக்குறைய 4,42,000. இருபது ஆண்டில் ஒன்றரை மடங்காகக் கூடியிருக்கிறது. வீட்டை எண்ணத் தெரிகிறது, வீட்டுக்குள் யார் யாரைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார் என்பதை எண்ணத் தெரியவில்லை. வீட்டுக்காரரும் எண்ணுவதில்லை என்பதால் அரசை மட்டும் குறைசொல்ல எனக்கு வாய் வராது.

மாடி மாற்றிக்கொண்ட அந்த வீட்டில் சின்னவன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். மருமகள் பகல் ஷிஃப்டுக்கு மாறிவிட்டாள். மாமியார் மறுபடி பேஸ்மென்டில். பின்னேரம் பள்ளி பஸ்ஸடிக்குப் போய் நிற்பது மட்டும்தான் இப்போது அவவின் வேலை என்கிறார்கள், சமையலைச் சேர்க்காமல். ஊருக்குப் போய் ஒரு மாரியை அங்கே கழிக்கவேண்டும் என்று அவ இரண்டு வருடமாகக் கேட்கிறா. இந்த முறை காப்புறுதியைப் புதுப்பிக்கும் காசில் ரிக்கற் எடுப்பதா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. பஸ்ஸடிக்கு யார் போவது என்ற இடத்தில் அது ஒவ்வொரு தடவையும் நின்றுவிடுகிறது.